ஆடிப்பூரத்துக் கரண்டி

அத்தியாயம் 17

மொட்டை மாடியில், கொடியில் கிடந்த, கறை போகாத பழைய பாவாடையின் மேல் இன்னொரு சேலையை விரித்து மூடிக்கொண்டிருந்த குழல்வாய்மொழியைப் போன வாரம் அப்படியே விட்டுவிட்டு வந்தோம். அவள் இன்னும் அங்கேயே நிற்கிறாள் என்று யாரும் கவலைப்பட வேண்டாம். அந்த வீட்டில் ஒரு பொம்பளை ஒரே இடத்தில் கொஞ்ச நேரம் நின்றால், "அங்கன என்னட்டி செய்யுத?" என்று கீழேயிருந்து குரல் வந்துவிடும்.

குரல் லோகநாயகியுடையது. வீரபாகுவின் அக்கா. கல்யாணமான மூன்றாம் வருஷமே புருஷனைப் பறிகொடுத்து தென்காசிக்குத் திரும்பி வந்தவள், வந்த அன்றே வீட்டுச் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டாள். இன்று வரை இறக்கவில்லை. தம்பி பெண்டாட்டியாக இந்த வீட்டுக்கு வந்த குழல்வாய்மொழிக்கு மாமியார் என்று தனியாக ஒருத்தி தேவைப்படவில்லை.

அந்த வீட்டுக்கென்று ஒரு வழக்கம் உண்டு என்பதைப் பழைய வாசகர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தெருக்கோடி அம்மனுக்கு ஆடிப்பூரத்தன்று இவர்கள் வீட்டு மண்டகப்படி. அம்மன் சப்பரத்தில் வந்து வாசலில் நிற்பாள். அவளுக்குப் படைக்கிற சர்க்கரைப் பொங்கலை வீட்டிலேயே வெண்கலப் பானையில் வைக்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு நாள் மட்டும் வெளியே வரும் வெண்கலக் கரண்டியால்தான் கிண்ட வேண்டும். அந்தக் கரண்டியைப் பிடிக்கிறவள், மாதவிலக்கு நின்றுபோன பொம்பளையாக இருக்க வேண்டும்.

இத்தனை வருஷமும் லோகநாயகிதான் பிடித்தாள். விதவைக்கு ஆரத்தித் தட்டு கிடையாது, ஆனால் கரண்டி உண்டு. போன வருஷம் முட்டுவலியில் அவளால் அடுப்படியில் நிற்க முடியாமல் போக, குழல்வாய்மொழிக்கும் நின்று பல மாதமாகியிருந்ததால், கரண்டி கை மாறியது.

அன்றைக்குக் குழல்வாய்மொழி சந்தோஷத்தில் அழுத அழுகையை வீட்டில் யாரும் பார்க்கவில்லை. எப்படி அழாமல் இருப்பாள்? மகள் சுஜிதாவுக்குச் சடங்கு நடந்த அன்று காலையிலேயே தாய்க்கும் தூரமாகி, பின்கட்டு அறையில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக நாதஸ்வரம் கேட்டவள். எத்தனை பொங்கல், எத்தனை கார்த்திகை, எல்லாம் அந்த ஜன்னல் வழிதான். ஐம்பது வயதில் ஒருவழியாகப் பின்கட்டைத் தாண்டி முன்கட்டுக்கு வந்தாள்.

அந்தக் கரண்டியைத்தான் அவள் இழக்க விரும்பவில்லை. அதனால்தான் இந்தப் பங்குனியில், நின்றுபோனது திரும்பி வந்தபோது, யாரிடமும் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டாள். இரண்டு தெரு தள்ளி, தன்னைத் தெரியாத மெடிக்கலில் போய் மகளுக்கு என்று சொல்லி ரத்தம் நிற்கிற மாத்திரை வாங்கினாள். மாத்திரை போட்டால் நிற்கும். விட்டால் மறுபடி வரும்.

இன்று ஆடிப்பூரம்.

---

விடியும் முன்பே சாரல் பிடித்துக்கொண்டது. முகம்மது ரபீக்கின் ஆட்டோ குற்றாலம் ரோட்டில் போய்க்கொண்டிருந்தது. கரண்டி பிடிக்கிறவள் அன்று காலை அருவியில் தலைமுழுகி வர வேண்டும். அதுவும் புது மஞ்சள் நூல்சேலை கட்டித்தான் முழுக வேண்டும்.

மஞ்சள் சேலையில் ஒரு சொட்டு பட்டாலும் தெரிந்துவிடும். மூன்று நாளாக மாத்திரை போட்டும் இந்த முறை நிற்கவில்லை.

"என்னட்டி பேசாம வாரே? மூஞ்சி வெளுத்துக் கெடக்கு," என்றாள் லோகநாயகி.

"ராத்திரி தூக்கமில்ல மதினி. ஒடம்பெல்லாம் ஒரே சூடு."

"அருவித் தண்ணி தலையில விழுந்தா எந்தச் சூடும் போயிரும்."

அந்த வீட்டு வைத்தியம் சுலபமானது. முட்டுவலி என்றால் வாயு. தூக்கம் இல்லை என்றால் யோசனை. மற்ற எல்லாவற்றுக்கும் சூடு என்று பெயர். சேலை நனைகிற அளவுக்கு வியர்த்துக் கொட்டினாலும் சூடு, காரணமில்லாமல் கண்ணீர் வந்தாலும் சூடு. மோர், வெந்தயம், விளக்கெண்ணெய், அதற்கும் கேட்கவில்லை என்றால் குற்றாலம். பக்கத்தில் அருவி இருக்கிறவர்களுக்கு டாக்டர் ஞாபகம் சீக்கிரம் வருவதில்லை.

சீசன் என்பதால் அந்த நேரத்திலேயே மெயின் அருவியில் கூட்டம். எண்ணெய் தேய்த்த உடம்புகளோடு ஆண்கள் ஒரு பக்கம் இரைந்துகொண்டிருந்தார்கள். பெண்கள் பக்கம் வரிசையில் நின்றுதான் உள்ளே போக முடிந்தது. லோகநாயகி துண்டையும் மாற்றுச்சேலைப் பையையும் மடியில் வைத்துக்கொண்டு கம்பித் தடுப்பின் ஓரமாக உட்கார்ந்தாள். வழுக்குப் பாறையில் நடக்க அவளுடைய முட்டு இடம் கொடுக்காது.

குழல்வாய்மொழி தண்ணீருக்குள் போனாள்.

தண்ணீர் தலையில் அறைந்தபோது அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. இங்கே எதுவும் தெரியாது, எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடும். 'தாயி, இன்னிக்கி ஒரு நாள் மட்டும். பொங்கலை எறக்குற வரைக்கும்' என்று வேண்டிக்கொண்டாள். பக்கத்தில் யாரோ ஒரு சின்னப் பெண் "ஓ" என்று சந்தோஷத்தில் கத்திக்கொண்டிருந்தாள்.

வெளியே வரும்போதுதான் கண்ணை இருட்டியது. இரண்டு அடி வைத்தாள். கம்பியைப் பிடிக்கப் போய், பிடி கிடைக்காமல் பாறையில் உட்கார்ந்துவிட்டாள்.

மஞ்சள் சேலையின் பின்புறம் சிவந்துகொண்டே வந்தது. அவளைச் சுற்றி ஓடிய தண்ணீரும் நிறம் மாறியது.

லோகநாயகி பார்த்தாள்.

முட்டுவலிக்காரி, காய்ந்த சேலையோடு, செருப்பைக்கூடக் கழற்றாமல் தண்ணீருக்குள் இறங்கி வந்தாள். வந்து குழல்வாய்மொழியின் முதுகுக்குப் பின்னால் சுவர் மாதிரி நின்றுகொண்டு துண்டை விரித்தாள். அருவித் தண்ணீர் அவள் மேலும் தெறித்தது.

"எந்திரிட்டி. மெதுவா. என் கையைப் பிடி."

'குடும்ப மானத்தை மறைக்கிறாள்' என்று குழல்வாய்மொழி நினைத்தாள். முப்பது வருஷமாகப் பார்த்த மதினியைப் பற்றி அவளால் வேறு எப்படி நினைக்க முடியும்?

---

உடை மாற்றும் அறையில் ஈரச் சேலைகளின் வாடை. லோகநாயகி கதவைச் சாத்திக்கொண்டு கேட்டாள்.

"எப்பம் வந்துது?"

"இப்பந்தான் மதினி. தண்ணி பட்டதும்..."

"என் மொகத்தைப் பாத்துச் சொல்லு."

குழல்வாய்மொழி தரையைப் பார்த்தாள். "பங்குனி உத்திரத்துல இருந்து."

லோகநாயகி சத்தம் போடவில்லை. கட்டைவிரலால் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனாள். பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி. கை அப்படியே நின்றது.

"இம்புட்டு நாளா ஏண்டி சொல்லல?"

"சொன்னா கரண்டியைக் குடுக்க மாட்டிய." சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "மதினி, இன்னிக்கி ஒரு நாள் விட்டுருங்க. நான் வச்சுக் கட்டிக்கிடுதேன், ஒரு சொட்டு கீழ விழாது. நாளைக்கி நானே ஆஸ்பத்திரிக்கி வாரேன். ஆத்தா மன்னிப்பா. அவளும் பொம்பளதான?"

"அவ மன்னிக்கட்டும். நின்னது திரும்பி வரலாமாட்டி? பின்வீட்டு இசக்கிசெல்வி அம்மைக்கு இப்படித்தான் வந்துது. வயசு திரும்புதுன்னு சொல்லிச் சிரிச்சா. அடுத்த ஆடிக்கி அவ இல்ல."

குழல்வாய்மொழி நிமிர்ந்து பார்த்தாள். அந்தம்மா எதில் போனாள் என்று தெருவில் யாரும் சொன்னதில்லை. வயிற்றுவலி என்றுதான் கேள்வி.

"சேலையை மாத்து," என்றாள் லோகநாயகி. பையிலிருந்து மாற்றுச் சேலையோடு, தனக்கென்று வைத்திருந்த இன்னொரு காய்ந்த துண்டையும் மடித்துக் கொடுத்தாள். "இதையும் வச்சுக்கோ. ரபீக்கு ஆட்டோ சீட்டைப் பத்திக் கவலைப்படாத."

---

வீட்டில் வீரபாகு புது வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதியோடு நின்றுகொண்டிருந்தார். முற்றத்தில் மூன்று கல் அடுப்பு கூட்டி, மஞ்சள் கட்டிய வெண்கலப் பானை ஏற்றி வைத்திருந்தது. வடகரைத் தோப்பிலிருந்து வந்த தேங்காய்கள் ஒரு மூலையில். கரண்டி வாழையிலையில் படுத்திருந்தது.

மனிதர் நல்லவர். தோப்பு, கோயில், மத்தியானம் ஒரு தூக்கம், அவ்வளவுதான் அவர் உலகம். மனைவி ஒரு வருஷமாகச் சூடு என்று சொல்லித் தனியாகப் படுக்கிறாள் என்பது அவருக்குத் தெரியும். அதற்கு மேல் கேட்கத் தோன்றியதில்லை.

"வாங்க வாங்க, நேரமாச்சு. அரிசி ஊறிட்டு," என்றார்.

"அவ பொங்கல் வைக்கல," என்றாள் லோகநாயகி. "ஆஸ்பத்திரிக்கிப் போறோம்."

அக்கா இரண்டே வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னதும் வீரபாகுவின் முகம் போன போக்கைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. அவர் பானையைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். கடைசியாகத்தான் மனைவியைப் பார்த்தார்.

"தீட்டா? இப்பம் போயி... சாயங்காலம் சப்பரம் வந்துருமே. தெருவுல என்ன சொல்லுவாக? நீ வச்சிரேன் அக்கா."

"நான் அவ கூடப் போறேன்."

"நாளைக்கிக் கூட்டிட்டுப் போவோமே. ஒரு நாள்ல என்ன ஆயிரப் போவுது?"

குழல்வாய்மொழிக்குச் சுருக்கென்றது. அவள் அருவிக்கரையில் கெஞ்சியதும் இதே வார்த்தைதான். தன் வாயில் நியாயமாகப் பட்டது, புருஷன் வாயிலிருந்து வந்தபோது அப்படி வலித்தது.

"ஏலே வீரபாகு!" லோகநாயகியின் குரல் பின்கட்டு வரை கேட்டது. "பங்குனியில இருந்து உன் பொண்டாட்டி உதிரம் கொட்டுதா. நீ பானைக்கி மஞ்சக் கட்டிட்டு நிக்கே. ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு உனக்கும் தெரியல, எனக்கும் தெரியல. நாம ரெண்டு பேரும் என்ன மனுஷங்க லே?"

வீரபாகு பானையை விட்டு ஓரடி தள்ளி நின்றார்.

"பொங்கல நீ வையி," என்றாள் அக்கா.

"நானா?"

"ஆம்பளைக்கித் தூரம் உண்டா? நீதான் கிண்டணும். தீயைக் கூட்டாத, அடிப்பிடிச்சிரும்."

இத்தனை தலைமுறையாக இந்த வீட்டில் யாருக்கும் தோன்றாத யோசனை அது. வீரபாகு குனிந்து கரண்டியைக் கையில் எடுத்தார். அதை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாதவர் மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

குழல்வாய்மொழியும் பார்த்தாள். வயிற்றில் இருந்த வலியைவிட அந்தக் கரண்டி வேறு கைக்குப் போனதுதான் அவளுக்கு அப்போது பெரிய வலியாக இருந்தது. ஒரே ஒரு வருஷம். ஒரே ஒரு பொங்கல். அவ்வளவுதானா தன் பங்கு?

---

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்த பொம்பளைகள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே வயசு. சிவகிரியிலிருந்து வந்த ஒருத்திக்குத் தைராய்டு. அவள் பக்கத்தில் இருந்தவளுக்குத் தும்மினால் சேலை நனைகிறது, அதைச் சொல்ல வெட்கப்பட்டே இரண்டு வருஷம் ஓடிவிட்டது. இன்னொருத்தி கையில் சர்க்கரைக்கு எடுத்த ரிப்போர்ட். எல்லாரும் வீட்டில் சமைத்து வைத்துவிட்டு வந்திருந்தார்கள். எல்லாரும் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நம்ம ஒடம்பு நம்மகிட்ட பேச ஆரம்பிக்கிறதே இந்த வயசுலதான்," என்றாள் சிவகிரிக்காரி. "அதுவரைக்கும் வாயை மூடுன்னு வச்சிருந்தோம்லா."

யாரும் சிரிக்கவில்லை. அவளும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

டாக்டர் ஸ்ரீதேவிக்கு மகள் சுஜிதாவைவிட நாலைந்து வயசு கூட இருக்கலாம். கேள்விகளை மெதுவாகக் கேட்டாள். கடைசியாக எப்போது நின்றது, திரும்பி எப்போது வந்தது, என்ன மாத்திரை போட்டீர்கள்.

"பங்குனி உத்திரம்," என்றாள் குழல்வாய்மொழி மறுபடியும். "சூடுன்னு நெனச்சேன்."

"சூடு இல்லம்மா." டாக்டர் திட்டவில்லை. "நின்னு ஒரு வருஷம் ஆன பொறவு ஒரு சொட்டு வந்தாலும் உடனே வந்து காட்டணும். பலபேருக்கு ஒண்ணுமே இருக்காது. ஆனா இருக்கா இல்லையான்னு பாக்காம விடக் கூடாது. கடையில மாத்திரை வாங்கிப் போட்டு அடக்கிட்டீங்க."

ஸ்கேன் எடுக்கப் படுத்திருந்தபோதுதான் போன் அடித்தது. லோகநாயகி எடுத்துப் பார்த்துவிட்டு, வேண்டாவெறுப்பாக அவள் காதில் வைத்தாள்.

"ஏட்டி," வீரபாகுவின் குரல் புகையில் இருமியது. "ஒரு படி அரிசிக்கி எத்தன மண்டை வெல்லம்?"

வயிற்றின் மேல் குளிர்ந்த பசை. பக்கத்தில் திரையில் கறுப்பும் வெள்ளையுமாக ஏதோ அசைந்தது.

"அரிசி கொழைஞ்சிட்டா?" என்று கேட்டாள்.

"கொழைஞ்சிட்டுன்னு நெனைக்கேன்."

"நெனைக்காதீங்க, நசுக்கிப் பாருங்க. வெல்லம் போட்ட பொறவு அரிசி வேகாது. தட்டுல தட்டி வச்சிருக்கேன்லா, அந்த வெல்லம் முழுசும் போடுங்க. நெய்யை ஒரேயடியா ஊத்திராதீங்க."

"சரி." போன் உடனே வைக்கப்படவில்லை. "குழலு... வலிக்கா?"

கல்யாணமான நாளிலிருந்து இந்தக் கேள்வியை அவர் கேட்டதாக அவளுக்கு ஞாபகம் இல்லை. "அடிப்பிடிக்கப் போவுது, கிண்டுங்க," என்றாள்.

டாக்டர் திரையிலேயே கண்ணாக இருந்தாள். ஒரு இடத்தில் நிறுத்தி, அளந்து, மறுபடி அளந்தாள்.

கர்ப்பப்பையின் உள்சவ்வு தடித்திருக்கிறது என்றாள். கொஞ்சம் சதை எடுத்து டெஸ்டுக்குத் திருநெல்வேலிக்கு அனுப்ப வேண்டும், இப்போதே எடுத்துவிடலாம், ஒரு வாரத்தில் ரிசல்ட் வரும். ரத்தம் ரொம்பக் குறைந்திருக்கிறது, நாளைக்கே வந்து ரத்தம் ஏற்றிக்கொள்ள வேண்டும். குழல்வாய்மொழி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். சதை எடுத்தபோது பல்லைக் கடித்துக்கொண்டு மதினியின் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் பிடித்த பிடியில் அங்கே நகம் பதிந்தது. லோகநாயகி கையை இழுத்துக்கொள்ளவில்லை.

எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்து உட்கார்ந்தாள். நர்ஸ் எட்டிப் பார்த்து, "கூட வந்தவங்கள மட்டும் டாக்டர் கூப்பிடுறாங்க," என்றாள்.

லோகநாயகி உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

அவள் திரும்பி வந்தபோது குழல்வாய்மொழி அவள் முகத்தைத்தான் முதலில் பார்த்தாள். அந்த முகம் எப்போதும் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது.

"என்ன சொன்னாவ?"

"சத்துக் கொறைவுன்னா. முருங்கைக்கீரை திங்கச் சொன்னா. வா."

வெளியே வந்ததும் லோகநாயகி ஆட்டோவில் ஏறாமல் பூக்கடைக்குப் போனாள். பேரம் பேசாமல் மல்லிகைப்பூ வாங்கினாள். லோகநாயகி பேரம் பேசாமல் பூ வாங்கியதை ரபீக்கே திரும்பிப் பார்த்தான். "அம்மனுக்கா ஆச்சி?" என்று கேட்டான்.

"ஆமா," என்றாள் அவள்.

---

பொங்கல் அடிப்பிடித்துத்தான் இருந்தது. வாசலிலேயே வாடை வந்துவிட்டது. வீரபாகு முற்றத்தில் பலகையில் உட்கார்ந்திருந்தார். புது வேட்டியில் கரி. வலது கையில் புறங்கை சிவந்து, அதில் யாரோ மாவைத் தடவிவிட்டிருந்தார்கள்.

"மேலால எடுத்தா நல்லாத்தான் இருக்கு," என்றார் குற்றவாளி மாதிரி. "அடியில மட்டும்தான்..."

அதற்கு மேல் பேச முடியாமல் அவர் உதடு கோணியது. அந்த ஆள் அழுது குழல்வாய்மொழி பார்த்ததில்லை. தாய் செத்தபோதுகூடத் துண்டை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டவர்.

"நான் கேட்டிருக்கணும்லா," என்றார். "தனியாப் போயிப் படுத்தப்பவே கேட்டிருக்கணும்."

"கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்," என்றாள் அவள். அது உண்மைதான். உண்மை என்பதாலேயே இருவருக்கும் ஆறுதலாக இல்லை.

தெருமுனையில் மேளச்சத்தம் கேட்டது. சப்பரம் கோயிலை விட்டுக் கிளம்பிவிட்டது.

குழல்வாய்மொழி யாரும் சொல்லாமலே பின்கட்டுக்கு நடந்தாள். அந்த அறையின் கதவு, ஜன்னல், மூலையில் சுருட்டி வைத்த பாய், எல்லாம் அவளுக்காகவே காத்திருந்த மாதிரி இருந்தன. பாயை விரிக்கத் தெம்பில்லாமல் வெறும் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். ஒரு வருஷம் வெளியே போய்விட்டு வந்தாயிற்று. இதுதான் தன் இடம் என்று தோன்றியபோது, நெஞ்சு விம்மி, சத்தமில்லாமல் அழுதாள். நோய்க்காக இல்லை. நோயைப் பற்றி அவள் இன்னும் நினைக்கவே தொடங்கவில்லை.

மேளம் பக்கத்தில் வந்துவிட்டது. வாசலில் தெருப் பெண்களின் குலவைச் சத்தம். இந்த அம்மனுக்கு இன்றைக்கு வளையல் அடுக்குவார்கள், மடியில் முளைப்பயறு கட்டுவார்கள், மசக்கைக்காரி என்று கொண்டாடுவார்கள். ஜன்னல் வழியாக அவள் காதை வைத்துக் கேட்டாள்.

கதவு திறந்தது.

லோகநாயகி நின்றாள். ஒரு கையில் மல்லிகைப்பூ. இன்னொரு கையில் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த ஆரத்தித் தட்டு, நடுவில் வெற்றிலை மேல் கற்பூரம்.

"திரும்பு," என்றாள்.

குழல்வாய்மொழி புரியாமல் திரும்பினாள். மதினியின் விரல்கள் அவள் கொண்டையில் பூவைச் செருகின. செருகிய பிறகும் உடனே விலகவில்லை. பூ அம்மனுக்கு வாங்கியதில்லையா?

"மதினி, நான் தூரம்லா..."

"எனக்குத் தெரியாதா? எந்திரி."

"தெருவே நிக்கும் மதினி. பூசாரி நிப்பாரு."

"நிக்கட்டும். இந்த வருஷம் ஆரத்தி நீ எடுக்கே. அடுத்த வருஷம் கரண்டியும் நீதான் பிடிக்கே. நான் சொல்லுதேன்."

முப்பது வருஷமாக அந்த வீட்டில் ஒரு சட்டத்தையும் தளர்த்தாதவள். தூரமானவள் கைபட்ட தம்ளரைப் புளி போட்டுத் தேய்க்கச் சொன்னவள். அவள்தான் இப்போது குழல்வாய்மொழியின் கையைப் பிடித்துத் தூக்கி, பின்கட்டைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

வாசலில் சப்பரம். சாரலில் நனைந்த விளக்குகள். வளையல் குலுங்க அம்மன். கரி பிடித்த வேட்டியோடு, கையில் பொங்கல் பானையோடு வீரபாகு. அவர் இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு வழி விட்டார்.

தட்டு கைக்கு வந்தது. லோகநாயகி கற்பூரத்தைப் பற்றவைத்தாள்.

குழல்வாய்மொழி ஒரு சுற்று சுற்றினாள். இத்தனை வருஷம் ஆசைப்பட்ட இடம் இதுதான். சந்தோஷம் வர வேண்டும். வரவில்லை. பேரம் பேசாமல் வாங்கிய பூ தலையில் மணத்தது. சாத்திய கதவும், விலகாத விரல்களும் ஞாபகத்துக்கு வந்தன. சத்துக் குறைவுக்காக மதினி தன் சட்டத்தை உடைப்பாளா?

அவளுக்கு அன்றைக்கு முதல் முறையாகப் பயம் வந்தது.

"மதினி," என்றாள் அம்மனைப் பார்த்துக்கொண்டே, உதடு அசையாமல். "டாக்டர் உங்ககிட்ட என்ன சொன்னாவ?"

லோகநாயகி சாரல் படாமல் கற்பூரத்துக்கு முந்தானையை விரித்துப் பிடித்தாள். அவள் கண்கள் அம்மன் மேல் இல்லை.

"கற்பூரம் அணைஞ்சிரப் போவுதுட்டி," என்றாள். "சுத்து."